திருகோணமலையிலிருந்து கிரிகல்பொத்த உச்சிக்கு: சித்திரை விடுமுறையில் ஒரு பகல் ஏற்றம்

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், என் மேசைக்கு ஆட்கள் காணிக் கடிதத்துக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் வருவார்கள். பங்குனி பிறந்துவிட்டால் மலைக்கு வழி கேட்டும் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைந்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். தங்கச்சியின் பிள்ளைகள், அலுவலகத்துத் தம்பிமார், பக்கத்து வீட்டு ராத்தாவின் மகள் என்று என்னோடு வருகிறவர்கள் எல்லாரும் கடற்கரை மணலில் நடந்து வளர்ந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் இது. நுவரெலியாக்காரர் வாசித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்கள் வைகாசி வெயிலில் அவர்களை ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மலையின் பெயர் கிரிகல்பொத்த. உயரம் 2,388 மீட்டர். இலங்கையில் இரண்டாவது. முதலாவதான பிதுருதலாகல 2,524 மீட்டர், ஆனால் அதன் உச்சி பாதுகாப்பு வலயம். நினைத்தபடி நடந்து ஏற முடியாது. ஆகவே சொந்தக் காலால் போய்த் தொடக்கூடியவற்றில் உயரமானது கிரிகல்பொத்ததான். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள், ஃபார் இன் என்கிற பார்வையாளர் நிலையத்தின் பக்கத்திலிருந்து பாதை தொடங்கும். போக ஏறக்குறைய 7 கிலோமீட்டர், வர 7. தொடங்கும் இடமே 2,100 மீட்டருக்கு மேல் என்பதால், கணக்குப் பார்ப்பவர்கள் "முந்நூறு மீட்டர்கூட ஏற்றம் இல்லையே" என்பார்கள். பாதை நேரே ஏறுவதில்லை. புல்வெளியில் இறங்கும், காட்டுக்குள் ஏறும், மறுபடி இறங்கும். திரும்பி வரும்போது அந்த இறக்கங்கள் எல்லாம் ஏற்றமாகிக் காத்திருக்கும். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர், அதை ஏறியிருக்கிறோமே என்று நம்பி வருகிறவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே படி, கைபிடி, வெளிச்சம், தேத்தண்ணிக் கடை, முன்னும் பின்னும் சனம். இங்கே அந்த ஐந்தில் ஒன்றும் கிடையாது. உச்சியை அண்டும்போது பாறையைக் கையால் பிடித்துத் தொத்தி ஏற வேண்டியும் வரும்.

நான் கொண்டுபோகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இது: எதில் ஏறினாலும் அதில் இறங்க முடியுமா என்று ஏறுவதற்கு முன்னம் பார்க்க வேண்டும். கல்லுக்கும் அப்படித்தான், நேரத்துக்கும் அப்படித்தான். கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான் வரும்.

எப்போது போவது

தையும் மாசியும்தான் அங்கே வானம் நன்றாகத் தெளிந்திருக்கும் காலம். ஆனால் எங்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது சித்திரையில். ஆனி, ஆடியில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். திருகோணமலையில் கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் அந்த மாதங்களில் மலையில் தென்மேற்குப் பருவமழை. இரண்டும் ஒரே காற்று. மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகி எங்கள் முகத்தில் அடிக்கிறது. இங்கே வெளிச்சிருக்கிறது என்பதை வைத்து அங்கத்தைய வானத்தைக் கணிக்கவே கூடாது.

சித்திரையின் சிக்கல் வேறு. அது இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். வெயில் ஏற ஏற முகில் குவியும். மதியம் திரும்பியதும் இடி, மின்னல், மழை. இலங்கையில் மின்னல் மிக அதிகமாக விழும் மாதங்களில் ஏப்ரல் முன்னுக்கு நிற்கிறது. அதனால் எங்கள் நாள் விடியலில் தொடங்கி, மதியச் சோற்றுக்கு முன்னமே உச்சியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நான் வைத்திருக்கும் திரும்பும் நேரம் காலை 11 மணி. உச்சி அரை மணி நேரத் தூரத்தில் தெரிந்தாலும் 11 என்றால் திரும்புதல். இந்த நேரத்தை மலையில் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது. அங்கே எல்லாருக்கும் ஆசை பேசும். முதல் நாள் பயணத்தில் வான் வண்டிக்குள் வைத்துச் சொல்லி, ஒவ்வொருவர் வாயாலும் ஓம் என்று வாங்கிவிடுங்கள்.

கல்லில் பழகுவது இங்கேயே

மலைக்காரருக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு: கடற்கரைப் பாறை. உப்புவெளியிலிருந்து வடக்கே குச்சவெளி வரைக்கும் மணலும் கல்லும் கலந்த இடங்கள் இருக்கின்றன. தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் சித்திரைக்குக் கை, கால், கண் மூன்றும் பழகிவிடும். விடியற்காலையில் போங்கள், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. நடுப்பகலில் அந்தக் கல்லில் கை வைக்க ஏலாது. தை, மாசியில் வாடைக்கடல் இன்னும் அடங்கியிருக்காது, ஆகவே அலை வந்து தொடும் பாறை வேண்டாம். கீழே காய்ந்த மணல் இருக்கிற பாறையாகப் பாருங்கள், உங்கள் உயரத்துக்கு மேல் போகாதீர்கள். குச்சவெளியில் தொல்பொருள் இடிபாடுகள் இருக்கின்றன, அவற்றில் கால் வைக்க வேண்டாம். கோணேசர் கோயில் மலையோரமும் இராவணன் வெட்டுப் பக்கமும் இதற்கான இடமே அல்ல. கோயில் இடம், கீழே நேரே கடல். சில இளந்தாரிகள் அங்கே நின்று படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பழக வேண்டியவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கை, இரண்டு கால், மொத்தம் நான்கு. எந்த நேரமும் மூன்று கல்லில் இருக்க வேண்டும், ஒன்றுதான் அசையலாம். அந்த ஒன்று உறுதியாக ஊன்றிய பிறகுதான் அடுத்தது. சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் செய்யும்போது கையும் காலும் ஒரே நேரத்தில் கிளம்பும். மெதுவாய், வாய்விட்டு எண்ணிக்கொண்டு செய்யச் சொல்லுவேன். பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

பாரத்தைக் கால் தாங்க வேண்டும். கை, உடலைச் சமநிலையில் வைத்திருக்க மட்டும். கபடி விளையாடிய தோள் இருக்கிறதென்று உடலைக் கையால் இழுத்து ஏற்றுகிற தம்பிமார் பத்து நிமிடத்தில் களைத்துப்போவார்கள். கண் எப்போதும் அடுத்த கால் வைக்கும் இடத்தைத் தேட வேண்டும். சப்பாத்தின் முன்பக்கத்தை, பெருவிரலுக்குக் கீழ் உள்ள பகுதியை, கல்லில் முழுதாக அழுத்துங்கள். குதியைத் தூக்கி நுனிவிரலில் நின்றால் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கும். முழங்காலை ஊன்றாதீர்கள். ஊன்றினால் எழும்புவதற்கு வேறு பிடி இருக்காது, தோலும் போய்விடும்.

பிடிக்கிற கல்லைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். உள்ளங்கையால் தட்டுங்கள். வெறுமையான சத்தம் வந்தால் அது தாய்ப்பாறையோடு ஒட்டியில்லை. பிடித்த பிறகும் கீழ்நோக்கி அழுத்த வேண்டும், வெளிப்பக்கமாய் இழுக்கக்கூடாது. செடியைப் பிடிக்கவே வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு வெளிநாட்டு முட்செடி பரவிக் கிடக்கிறது. தடுமாறி அதைப் பிடித்தவர்கள் அன்று முழுக்கக் கையில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கல்லின் நிறத்தை வாசிக்கக் கடற்கரை நல்ல வாத்தியார். நீர் தொடும் மட்டத்தில் கறுப்பாக, பச்சையாக இருக்கும் பட்டையில் கால் வைத்தால் வழுக்கும். அதற்கு மேலே வெளுத்து உலர்ந்த இடத்தில் ஒட்டும். மலையிலும் தண்ணீர் வடிந்த கறுப்புக் கோடு வழுக்கும். சொரசொரப்பான சாம்பல் நிறம் படர்ந்த கல் உலர்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், நனைந்துவிட்டால் அதே இடம் சவர்க்காரம். ஏறும்போது உலர்ந்திருந்த கல் இறங்கும்போது நனைந்திருக்கக்கூடும் என்பதைச் சித்திரையில் மறக்கக்கூடாது.

இனி இறக்கம். ஒவ்வொரு பழக்க நாளிலும் ஏறுவதற்குச் செலவழிக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு இறங்குவதற்குக் கொடுங்கள். சரிவு மெல்லியதாக இருந்தால் முகத்தை வெளியே திருப்பி, முழங்காலை மடித்து, முழுப் பாதத்தையும் வைத்து இறங்கலாம். கொஞ்சம் செங்குத்தாகிவிட்டால் ஏணியில் இறங்குவதுபோல முகத்தைப் பாறைக்குத் திருப்பிவிட வேண்டும். அப்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பைச் சற்று வெளியே தள்ளி, தோளுக்கு மேலால் கீழே பார்த்து, காலை நீட்டித் தேட வேண்டும். இது பழக்கம் இல்லாதவர்களுக்குப் பயமாக இருக்கும். பயத்தில் கல்லை அணைத்துக்கொள்வார்கள். அணைத்தால் கால் வெளியே வழுக்கும். மணலுக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குதிப்பது கிடையாது, ஒரு முழ உயரம் என்றாலும் கிடையாது. குந்தி, கையை ஊன்றி, காலை நீட்டி வைத்து இறங்குங்கள்.

மற்றவருக்கு உதவுவதிலும் ஒரு முறை உண்டு. மேலே நின்று கைகொடுத்துத் தூக்குவது பாசமாகத் தெரியும், ஒருவர் வழுக்கினால் இரண்டு பேரும் வருவீர்கள். அதற்குப் பதிலாகக் கீழே, சற்றுப் பக்கவாட்டில் நின்று, "இடது காலை இன்னும் ஒரு சாண் கீழே, தங்கச்சி, அங்கே படி இருக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். தேவையென்றால் அவர் குதியைப் பிடித்து அந்த இடத்தில் வையுங்கள். ஒருவர் பாறையில் இருக்கும்போது அவருக்கு நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது. சிறு கல் ஒன்று உருண்டாலும் "கல்!" என்று கத்த வேண்டும். மெல்லச் சொன்னால் காற்றில் கேட்காது.

பாறைப் பழக்கத்தோடு கால் பழக்கமும் வேண்டும். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு, பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோயில் வரைக்கும் ஏறி இறங்குங்கள். மான்கள் பார்த்துக்கொண்டு நிற்கும், கவலைப்பட வேண்டாம். அலுவலகத்தில் படி இருந்தால் ஏறுவதைவிட இறங்குவதைக் கூட்டுங்கள். தொடை நோவது பெரும்பாலும் இறக்கத்தால்தான்.

மூச்சும் உயரமும்

எவ்வளவு பழகினாலும் கடல்மட்டத்தில் பழக முடியாத ஒன்று மெல்லிய காற்று. 2,400 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவு குறையும். முதல் அரை மணி நேரத்தில் இளைத்தால் உங்களுக்கு ஏதோ வருத்தம் என்று நினைக்க வேண்டாம், நடையைக் குறையுங்கள். நடந்துகொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூன்று சொல்லில் மூச்சு முட்டினால் வேகம் கூட. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னுக்கு விடுங்கள். பின்னுக்கு விட்டால், முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறி, இவர் வந்து சேர்ந்ததும் எழும்பிப் போவார்கள். பாவம், இவருக்கு இளைப்பாறவே கிடைக்காது.

உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை கொடுக்கும். கிரிகல்பொத்தயில் வருகிற தலையிடி பெரும்பாலும் தண்ணீர் குடிக்காமை, நித்திரை இல்லாமை, வெறுவயிறு. தண்ணீரும் சாப்பாடும் ஓய்வும் கொடுத்தும் தலையிடி கூடினால், சத்தி வந்தால், நடை தள்ளாடினால் திரும்பி இறங்குவதுதான் மருந்து. இதை முடித்த துணிவில் அடுத்த மாதம் லடாக்குக்கு விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. லே நகரமே 3,500 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே இறங்கியதும் மலையேறப் போகாமல் இரண்டு மூன்று நாள் உடலைப் பழக்க வேண்டும், அது வேறு கணக்கு. இதய நோய், இழுப்பு (ஆஸ்துமா), இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மலைக்கு முன்னம் வைத்தியரைக் கேளுங்கள். இழுப்பு உள்ளவர் தன் பம்மை, மூச்சுக்கு அடிக்கும் மருந்தை, வானில் வைத்துவிட்டு வரக்கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

உடுப்பு, சாப்பாடு

ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். இங்கே 34 என்றால் அங்கே 18, 19. வெயிலில் அது சுகம். நனைந்து காற்றும் அடித்தால் எங்கள் உடம்புக்கு அது ஆபத்து. பருத்தி உடுப்பு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடல் சூட்டைக் குடிக்கும். அதற்காகக் கடையில் காசைக் கொட்ட வேண்டாம். எங்கள் ஊரில் உதைபந்தாட்ட ஜேர்சி இல்லாத வீடு உண்டா? அது செயற்கை நூல், நனைந்தாலும் வெகு விரைவில் காயும். அதை உள்ளே போட்டு, மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேலே மழைக்கோட்டு. குடை கொண்டுவராதீர்கள். ஒரு கை அதற்கே போய்விடும், புல்வெளியில் மின்னலுக்கும் அது நல்லதல்ல.

பெண்பிள்ளைகளுக்கு: சல்வார் சரி, காலில் அகலமாக விரியும் வகை வேண்டாம், பாறையில் ஏறும்போது மிதிபடும். சால்வையை வானிலேயே விட்டுவிடுங்கள். பர்தா அணிகிறவர்கள் தொங்கல் இல்லாமல் குத்திக்கொண்டால் போதும், குளிருக்கும் நல்லது. மாதவிடாய் நாட்களோடு வந்தால் வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. பயன்படுத்தியதைக் கொண்டுவர மூடியுள்ள டப்பா ஒன்று வைத்திருங்கள். பாதையில் கழிப்பறை இல்லை, ஆகவே ஃபார் இன் பக்கத்தில் போய்விட்டே தொடங்குங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிற பிள்ளைகள் அதிகம், அவர்களுக்குத்தான் உச்சியில் தலை இடிக்கும்.

சப்பாத்து புதிதாக இருக்கக்கூடாது, அடி தேய்ந்தும் இருக்கக்கூடாது. கால் நகங்களை இரண்டு நாளுக்கு முன்னம் வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் முன்னுக்குப் போய் இடிக்காமல் இருக்க, உச்சியிலிருந்து திரும்பும்போது நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள். தொப்பியும் வெயில் களிம்பும் வேண்டும். குளிராக இருப்பதால் தெரியாது, ஆனால் உயரத்தில் புற ஊதாக் கதிர் கூட. கறுத்த தோலுக்கு ஒன்றும் செய்யாது என்கிற கதையை விடுங்கள். மாலையில் மூக்குத்தோல் உரியும்போது தெரியும்.

பூங்கா வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூட உரிப்பார்கள். ஆகவே சோற்றை வாழையிலையில் கட்டுங்கள், இரும்புப் போத்தல் கொண்டுவாருங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றத் தூள்) கரைத்தால் நல்லது. கட்டுச்சோறு உச்சிக்கு அல்ல, திரும்பி வந்து வானுக்குள் சாப்பிட. நடக்கும்போது ரொட்டியும் கட்டைச்சம்பலும், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், கச்சான் அல்வா. அரை மணிக்கு ஒருமுறை ஒரு கடி. மீன் பொரியல் கொண்டுவருகிற ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். வாசனைக்குக் காட்டுப் பன்றி வருமோ இல்லையோ, பக்கத்தில் நடப்பவருக்குச் சத்தி வரும்.

பயணம்

இரவிரவாக வான் ஓடி, விடியலில் பூங்கா வாசலில் இறங்கி அப்படியே மலை ஏறுவதுதான் எங்கள் ஊர்ப் பெடியன்களின் வழக்கம். நான் ஒத்துக்கொள்வதில்லை. கந்தளாய் தாண்டி ஹபரண வரைக்கும் இரவில் யானை வீதியில் நிற்கும். பிறகு கண்டி தாண்டி றம்பொடை வளைவுகள். நித்திரை இல்லாத சாரதி, நித்திரை இல்லாத கால்கள். முதல் நாள் காலையில் புறப்பட்டு, பின்னேரத்துக்குள் நுவரெலியா போய் இரவு படுங்கள். 1,868 மீட்டரில் ஓர் இரவு நித்திரை கொள்வது உடம்புக்கும் நல்லது. வளைவில் சத்தி வருகிறவர்களுக்கு இஞ்சியும் தேசிக்காயும் கைவசம் இருக்கட்டும்.

விடிய நாலரைக்கு எழும்பினால் பட்டிப்பொல வாசலுக்கு 6 மணிக்குப் போய்விடலாம். பட்டிப்பொல புகையிரத நிலையம்தான் நாட்டிலேயே உயரமானது, 1,891 மீட்டர். நின்று படம் எடுக்க நேரம் இல்லை. வாசலிலும் ஃபார் இன்னிலும் உள்ள வனசீவராசிகள் அலுவலரிடம் கிரிகல்பொத்த போகிறோம், இத்தனை பேர், இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லுங்கள். வழிகாட்டி கிடைத்தால் அமர்த்துங்கள். மழையோ மூடுபனியோ பார்த்து அவர்கள் போகவேண்டாம் என்றால் வாதாட வேண்டாம். அதே வீதியோரத்தில் தொட்டுப்பொலகந்த இருக்கிறது, 2,357 மீட்டர், மூன்றாவது உயரம், பாதை குறுகியது. அதுவும் இல்லையென்றால் அதே பூங்காவில் உள்ள உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு.

நடை

முதல் பகுதி புல்வெளி. பனி ஈரம் முழங்கால் வரைக்கும் ஏறும். இந்தச் சமவெளியில் ஊறுகிற தண்ணீரில் ஒரு பங்கு மகாவலியாகி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் எங்கள் கடலில்தான் வந்து விழுகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஓடையில் கொஞ்சம் மரியாதையாகக் கால் வைப்பார்கள். புல்லில் மரைகள் நடந்த தடங்களும் பாதை போலவே தெரியும், பிரிந்து பிரிந்து போகும். சந்தேகம் வந்த இடத்தில் நின்று, கடைசியாகச் சரியான பாதை என்று தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். முன்னால் போய்த் தேடாதீர்கள். தொலைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்திருந்தால் சமிக்ஞை இல்லாமலும் இடம் காட்டும். குளிரில் மின்கலம் இறங்கும், ஆகவே போனை உடம்போடு ஒட்டி வையுங்கள். ஆளுக்கொரு விசில். மூடுபனி இறங்கினால் ஒருவருக்கொருவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தை விடக்கூடாது. பிரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதுவது, பொறுத்து மறுபடி மூன்று.

பாறைப் பகுதி வந்ததும் பைப் பட்டிகளை இறுக்கி, கைத்தடிகளைக் கட்டி, போனை உள்ளே வைத்து, ஒருவர் பின் ஒருவராக. ஏறுவதற்கு முன்னம் திரும்பி நின்று, இறங்கும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்று ஒருமுறை பாருங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஒருவருக்கு மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவரோடு இன்னொருவர் கீழே தங்க வேண்டும், தனியாக விடக்கூடாது. அப்படித் தங்கியவர்களைத் திரும்பும் வழியில் பகிடி பண்ணுகிற ஆளை நான் அடுத்த முறை சேர்ப்பதில்லை.

இடி

மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் மூன்று விநாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள், உங்களுக்கு எட்டும் தூரம். உடனே உச்சியையும் முகட்டையும் விட்டுத் தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும். புல்வெளியில் தனியாக நிற்கும் சிவப்புப்பூ மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். மழைக்கு ஒதுங்கலாம் போலத் தெரியும் ஆழமில்லாத பாறைக் குடைவும் கூடாது, ஈரப் பாறை வழியே மின்சாரம் ஓடும். கூட்டமாக நிற்காமல் பிரிந்து நில்லுங்கள். மிக அருகில் விழுகிறதென்றால் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்கவேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை திறந்த வெளியைக் கடக்காதீர்கள்.

அந்த நேரத்தில் நனைந்து குளிர்ந்து நடுங்குகிறவரைக் கவனியுங்கள். நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பிறகு கால் இடறல். நடுக்கத்தோடேயே பிடித்து, ஈர உடுப்பை மாற்றி, இனிப்புக் கொடுத்து, தலையை மூடி நடக்க வைக்க வேண்டும். பையில் உலர்ந்த சட்டை ஒன்று இதற்காகவே. நிலைமை முற்றினால் ஒருவர் ஆளோடு இருக்க, இருவர் ஃபார் இன்னுக்குப் போய் அலுவலரிடம் சொல்லுங்கள். சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

வானுக்கு வந்த பிறகு

முதலில் ஆட்களை எண்ணுங்கள், அலுவலரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். உலர்ந்த உடுப்பு, வாழையிலைச் சோறு. மரை மேயும் புல்லில் உண்ணி இருக்கும். அறைக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள். கடித்திருந்தால் முள் எடுக்கும் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே மெல்ல இழுக்க வேண்டும். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் பூசுவது எல்லாம் வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அன்றிரவே ஊருக்கு ஓட வேண்டாம், அதே யானை, அதே வளைவு, கூடவே களைப்பு. இன்னோர் இரவு நுவரெலியாவில் தங்கி, காலையில் புறப்படுங்கள். லீவு விண்ணப்பத்தில் அதற்கடுத்த நாளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாம் நாள்தான் தொடை நன்றாகப் பிடிக்கும், படியில் கைபிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினால் நோவு குறைவு. கச்சேரியில் யாராவது அப்படி இறங்கி வந்தால் காவலாளிக்கே தெரியும் எங்கே போய் வந்தவர் என்று.